மூன்று கட்சிப் போஸ்டர்

வுப்பர்டாலில் அச்சகம் நடத்தும் நகுலேஸ்வரன் கண்ணாடிக் கதவு வழியே பார்த்து வெலவெலத்துப் போனார். ஒரு சின்ன ஆப்பிரிக்க நாட்டின் மூன்று கட்சி வேட்பாளர்களும் ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள்!

ஜெர்மனியில் வாழும் தம் மக்களுக்கென்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனம் உண்டு; அதற்கான தேர்தல் நேற்றுத்தான் முடிந்திருந்தது. "உங்களுக்கு மட்டும்தான் போஸ்டர் அடிக்கிறேன்" என்று மூவரிடமும் தனித்தனியே சத்தியம் செய்து, மூவருக்கும் அடித்துக் கொடுத்திருந்தார் மனிதர்.

"பிடிபட்டிட்டன், அஜிதா!"

"வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றாள் மனைவி.

உள்ளே வந்த மூவரும் பூங்கொத்தை நீட்டினார்கள்.

"வாழ்த்துகள், எம்.பி. அவர்களே!" என்று ஜெர்மன் மொழியில் ஆரம்பித்தார் ஆளுங்கட்சிக்காரர். "வாக்குச்சீட்டில் விரும்பிய எவர் பெயரையும், வெளிநாட்டவர் ஆனாலும், எழுதலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். மூன்று கட்சிக்கும் பொதுவான ஆள் என்று எல்லோரும் உங்கள் பெயரையே எழுதிவிட்டார்கள்!"

நகுலேஸ்வரன் மனைவியிடம் திரும்பினார். "என்ரை பேர் அவையளுக்கு எப்பிடித் தெரியும்?"

அஜிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கலியாண பானருக்குப் போடுற மாதிரி, போஸ்டர் மூலையிலை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிற உங்கடை படத்தையும் பேரையும் போட வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"