உப்பு இன்ஸ்பெக்டர்

"உப்பு பத்தலை. இன்னும் அரை ஸ்பூன் போடு."

சமையலறை வாசலில் நின்றபடி அப்பா சொன்னார். காலையில் எழுந்ததிலிருந்து இது நாலாவது குறை.

ஹாலில் பிள்ளைகளுக்கு விடுமுறைப் பாடம் அனுப்பிக்கொண்டிருந்த டீச்சருக்குச் சுருக்கென்றது. தொற்றுக் காய்ச்சல் வந்து தேறிய அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று புருஷனோடு வந்தவள் அவள். வந்த மறுநாளே ஊரடங்கு. மூன்று வாரமாகப் பிறந்த வீட்டிலேயே வாசம். இப்போது வசந்தப் பண்டிகையும் வந்துவிட்டது.

இந்த மூன்று வாரத்தில் அவள் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அப்பா கெட்டுப்போய்விட்டார்.

முன்பெல்லாம் தட்டில் எது விழுந்தாலும் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனுஷன். பஸ் டிரைவர். வண்டிகள் டிப்போவில் நிற்க ஆரம்பித்ததும் வீட்டில் ஓட்ட ஏதாவது வேண்டுமே, அம்மாவை ஓட்டுகிறார். காரம் தூக்கல், புளிப்பு போதாது, அடிப்பிடிக்கிற வாடை வருகிறது, அடுப்பைக் குறை. அதுவும் யாரிடம்? பெரிய ஆபீஸ் கேன்டீனில் இருநூறு பேருக்கு ஒற்றை ஆளாக நின்று சமைக்கிறவளிடம்.

"இவர் சமையலறைக்கு இன்ஸ்பெக்டர்" என்று டீச்சர் பெயரே வைத்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் மாமனாருக்குத் தெரியாமல் சிரித்துக்கொள்வார்.

"அப்பா, இங்க வாங்க."

வந்தார்.

"இன்னிக்குப் பண்டிகை. இன்னிக்கு ஒரு நாள் நீங்க சமையலறைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. இந்த நாற்காலி, இந்த டிவி. அவ்வளவுதான்."

"இல்லம்மா, நான் சும்மா..."

"சும்மாவே இருங்க."

அவர் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில், தண்ணீர் குடிக்கணும் என்று எழுந்தார். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டேன் என்றார். கண்ணாடி மூக்கில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"உங்கப்பா எங்கடி?"

"பிடிச்சு உட்கார வச்சிருக்கேன். நீ நிம்மதியாச் சமைம்மா."

"ஓ," என்றாள் அம்மா. ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் மேஜையில் புதுத் துணி விரித்து, ஜன்னல் தொட்டியில் பூத்திருந்த பூவைப் பறித்து டம்ளரில் வைத்து, நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சூப், வறுத்த உருளைக்கிழங்கு, கோழி, கேக். பண்டிகைக்கு விருந்தாளி வராத முதல் வருஷம். மாஸ்க் இல்லாத நாலு முகத்தைப் பார்ப்பதே பெரிய விசேஷமாக இருந்தது.

டீச்சர் ஒரு வாய் சூப் குடித்தாள்.

உப்பு உச்சி மண்டையைப் பிடித்தது.

எதிரே மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளையாயிற்றே.

"சூப் பிரமாதம் அத்தை. இன்னொரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

அப்பா மடமடவென்று கிண்ணத்தைக் காலி செய்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல," என்றார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் நல்ல சாப்பாட்டைக் குறை சொன்ன வாய், இன்றைக்குப் பார்த்து மெச்சுகிறது. சமையலறைக்குள் விடாததற்குப் பழிவாங்குகிறாராக்கும்.

"அம்மா, சூப்ல உப்பு..." என்று ஆரம்பித்தாள். மேஜைக்கடியில் அப்பாவின் கால் அவள் காலை அழுத்தியது. டிரைவர் கால், பிரேக்கில் வைத்த மாதிரி. அவள் வாய் தானாக நின்றது.

"உப்புக்கு என்னடி?" என்றாள் அம்மா. அவள் கிண்ணத்தில் பாதி சூப் காலியாகியிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"உப்பெல்லாம் சரியா இருக்குன்னு சொல்ல வந்தா," என்றார் அப்பா.

சாப்பிட்டு முடித்து, அம்மா ஹாலில் கேன்டீன் பெண்களோடு வீடியோவில் பேச உட்கார்ந்தாள். அடுத்த மாசம் திறந்துவிடுவார்களாம். மாப்பிள்ளை மூன்றாவது டம்ளர் தண்ணீரோடு பால்கனிக்குப் போய்விட்டார். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள் டீச்சர்.

"ஏம்ப்பா, நல்லா இருந்தப்ப எல்லாம் குத்தம் சொன்னீங்க. இன்னிக்கு வாயில வைக்க முடியலை, குறையே இல்லைங்கறீங்க. என்ன நியாயம் இது?"

அப்பா குழாயை நன்றாகத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுப்புல இருக்கறப்ப சொன்னா திருத்திக்கலாம். தட்டுக்கு வந்தப்பறம் சொல்லி என்னம்மா பிரயோஜனம்? அவ மனசுதான் நோகும்."

"அம்மாவே ருசி பார்த்துத்தானே போடறா?"

"பார்க்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. அந்தக் காய்ச்சலோட நாக்கும் போச்சு, மூக்கும் போச்சு. கேன்டீனுக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை, என்கிட்ட கூட. மெல்லத் திரும்பி வரும்னு டாக்டர்கிட்ட நானே போன் போட்டுக் கேட்டுட்டேன். அதுவரைக்கும் சமாளிக்கணுமில்ல?"



அப்பா தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஹாலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி நர்ஸுங்களைக் கூட்டிட்டுப் போக நாளையிலிருந்து என் வண்டியை எடுக்கச் சொல்லிட்டாங்க. காலையில அவ சமைக்கறப்ப நான் இருக்க மாட்டேன். நீதான் கொஞ்சம் பக்கத்துல நின்னு குறை சொல்லணும்மா."