எறும்பு வந்த இடம்

"நீரு கருப்பட்டி தின்னீரா, இல்லியா? உள்ளதைச் சொல்லும்!"

தேவகனி போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. கையில் அகப்பையை ஓங்கியிருந்தாள்.

அப்போதுதான் பனையிலிருந்து இறங்கி வந்த ரசலையன் பதநீர் நிறைந்த அக்கானிக் குடுவையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. பெண்டாட்டியைப் பார்த்து முழித்தான்.

"வேதத்துமேல சத்தியமா தொடல்லட்டி."

"சத்தியம் வேறயா? நாக்கு அழுகிப் போவும்!"

ரசலையனுக்கு நீரிழிவு. கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் வந்து புகுந்திருக்கிறது பாருங்கள், எங்கே போய் முட்டிக்கொள்வது? தேவகனியின் அண்ணன் இதே நோயில்தான் கால் அழுகிச் செத்தான். புதிதாக ஏதோ ஊசி வந்திருக்கிறதாம். அதெல்லாம் துரைமாருக்கும் தம்புரான்மாருக்கும். இவர்களுக்குக் கொட்டாரம் ஊர் வைத்தியர் சொன்ன கசாயம்தான்.

ஆவாரம்பூ, வேங்கைப்பட்டை, நாவல்கொட்டை. பூவுக்காக வெயிலில் அலைந்தவள் அவள். கொட்டையை உலர்த்தி இடித்துக் கை காய்த்துப்போனவளும் அவள்தான். தினமும் காலையில் ஒரு சிரட்டைக் கசாயத்தை அவன் மூக்கைப் பிடித்து ஊற்றாத குறை.

வைத்தியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தினமும் ஒரே இடத்தில் ஒண்ணுக்கு இருக்கவேண்டும். அங்கே எறும்பு மொய்க்கிறவரைக்கும் நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குத் தென்னைமரத்தின் மூட்டடியை அவள்தான் காட்டினாள். காலையில் எழுந்ததும் அங்கே போய்க் குனிந்து பார்ப்பாள். மூன்று மாதம் கறுப்பாய் மொய்த்தது. போன வாரம் ஒன்றைக்கூடக் காணோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள்.

இன்றைக்குப் பின்பக்கம் ஓலை மறைப்புக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையெல்லாம் எறும்பு.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கசாயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கருப்பட்டியைத் திருடித் தின்றுவிட்டு, தென்னைமூட்டில் போனால் பிடிபடுவோம் என்று இங்கே வந்து ஒதுங்கியிருக்கிறான், கள்ளப்பயல்!

"சபைக்கு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீரே! சாகணும்னா ஒரேயடியா பனையிலருந்து விழுந்து சாவும்! எங்கண்ணனை மாதிரி அழுவி அழுவிச் சாவாதியும். எனக்கு இன்னொருக்க அதைப் பாக்க முடியாது!"

கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பத்தவில்லை. இன்னொரு செம்பு மொண்டாள். இவன் நோயோடு மல்லுக்கட்டியே பாதி உடம்பாகிவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்கமாட்டேன் என்கிறது.

அடுப்பில் பாகு பொங்கியது. கோபம் ஒருபக்கம் இருக்க, கை தன் வேலையைப் பார்த்தது. அகப்பையால் துழாவி, ஊதி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பதம் பார்த்தாள். ஒரு பாகு காய்ச்சி இறக்குவதற்குள் இருபது தடவையாவது பார்ப்பாள். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான்.

பிறகு நாவல் பொடிக் கலயத்தைத் தூக்கினாள்.

"இனி இது என்னத்துக்கு?"

அடுப்பு வாயில் கவிழ்த்தாள். பாதி தீயில் விழுந்தது. பாதி தரையில் சிந்தியது.

ரசலையன் குடுவையை மெதுவாக இறக்கி வைத்தான்.

"எறும்பை எங்க பாத்த?"

"பின்னால மறைப்புக்குள்ள! தெரியாத மாதிரி கேக்கீராக்கும்?"

அவன் எட்டி மறைப்பைப் பார்த்தான். அவளுக்கென்று அவன் தன் கையால் ஓலை முடைந்து கட்டிக்கொடுத்தது. பொம்பளை போகிற இடம் என்று ஒருநாள்கூட அவன் அதற்குள் கால் வைத்ததில்லை.

"ஏட்டி தேவகனி," என்றான். "அங்க நீ மட்டுந்தானே போவ."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரலில் பாகு ஒட்டியிருந்தது.

ரசலையன் அடுப்புக்கு முன்னால் குந்தினான். தரையில் கிடந்த பொடியை, தீக்குப் பக்கத்தில் கிடந்ததையும் விடாமல், சாம்பலோடு சேர்த்துக் கலயத்தில் அள்ளிப் போடத் தொடங்கினான்.