அல்லிக்கு அடியில்

தோட்டத்துக் குளத்தில் தண்ணீரே தெரியாதபடி அல்லி இலைகள் அடைத்துக் கிடந்தன. தோட்டக்காரர் இடுப்பளவு நீரில் நின்று கிழங்குகளைப் பெயர்க்கப் பெயர்க்க, கரையில் நின்ற டீச்சர் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையை விட்டுடுங்களேன். அங்க பூ நல்லாத்தானே வருது?"

"கிழங்கைப் பிரிச்சு வைக்கலேன்னா அடுத்த வருஷம் வெறும் இலைதாம்மா."

சேற்றோடு வந்த வேரில் ஒரு கார் சாவி சிக்கியிருந்தது.

போன மாதம் அதைக் குளத்தில் வீசியவளே அவள்தான். பள்ளிக்கூட வாசலில், குறுக்கே வந்த குழந்தை மீது கணவர் ஓட்டிய கார் ஏறியிருக்கும். அவள் அலறிய அலறலில்தான் பிரேக்கை மிதித்தார். "கண்ணைக் காட்டிடலாங்க" என்றதற்கு, "என் கண்ணுக்கு ஒண்ணுமில்லை" என்று எரிந்து விழுந்தார். அலமாரியில் இருக்கும் மாற்றுச் சாவி அவர் ஞாபகத்துக்கு வந்துவிடுமோ என்று அன்றிலிருந்து தினமும் செத்துப் பிழைக்கிறாள்.

பேச்சுக்குரல் கேட்டு அவரே வந்து நின்றார். சாவியைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"என்னங்க, கோபப்படாதீங்க. நான்தான்..." என்று அவள் தொடங்கினாள்.

"இந்தாங்க சார், இந்தப் பக்கம் இன்னொண்ணும் கெடக்கு" என்று தோட்டக்காரர் இரண்டாவது சாவியை நீட்டினார்.

அவள் வீசியது ஒன்றே ஒன்றுதான்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு நீ எதுக்குக் கத்தினேன்னே எனக்குப் புரியலை. கார் நின்ன பிறகும் அந்தக் குழந்தை என் கண்ணுக்குத் தெரியலை. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."