ஜெபமாலை காத்திருந்த கரை

எல்லை தாண்டிய படகுகளையெல்லாம் அந்த அயல்நாட்டுத் துறைமுகத்தின் ஒரு மூலையில் கட்டிப் போட்டிருந்தார்கள். புதிதாகப் பிடிபட்டு வந்த விசைப்படகின் பெயர் ஜெபமாலை.

"தாண்டுனது நெசமா?" என்று பக்கத்தில் பாதி மூழ்கிக் கிடந்த பழைய படகு கேட்டது.

"தண்ணியில கோடா போட்டிருக்கு, அண்ணே? மீன் போன பக்கம் போனோம்."

"நானும் அதத்தான் சொன்னேன்."

நாற்பது நாள் கழித்து ஜெபமாலையின் சொந்தக்காரர் இன்னாசியை விடுதலை செய்தார்கள். ஊருக்குப் போகுமுன் அவர் வந்து படகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றெல்லாம் ஜெபமாலைக்குக் கால் தரையில் படவில்லை. படகுக்குக் கால் ஏது என்று கேட்காதீர்கள்.

"சொந்தக்காரர் நேர்ல வந்து மனு கொடுத்தா என்னைய விட்டுருவாங்களாம், அண்ணே! அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவர விடும்போது வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. இன்னொரு தடவ இந்தக் கரையில கண்டா ரெண்டு வருசம் ஜெயில்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க..." சொல்லிக்கொண்டே வந்த ஜெபமாலை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டது: "ஒங்க ஆளு வரவே இல்லியா, அண்ணே?"

"வந்தாரே. அந்தா தெரியுது பாரு பெரிய மதில், அதுக்குள்ளதான் இருக்காரு."

ஜெபமாலை அன்றிலிருந்து தினமும் வேண்டிக்கொள்கிறது, இன்னாசி வந்துவிடக் கூடாதென்று.