கோட்டுக்கு வடக்கே

பின்னாலிருந்து குரல் கேட்டுப் பேராசிரியை திரும்பினாள்.

"மேடம், இங்கயும் நிக்கு, பாருங்க. நம்ம காட்டுக் காசித்தும்பை!"

ஜெனிஷா பாறையிடுக்கில் குனிந்திருந்தாள். அவளிடம் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் புது மாணவி.

ஊதாப் பூ. பின்பக்கம் சுருண்ட வால். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

கணவாய்க்குத் தெற்கே மட்டும் பூப்பதாக அவள் எழுதியிருந்தது. அதையும் அதோடு வளரும் வேறு சில பூச்செடிகளையும் வைத்துத்தான் அவள் இந்த மலையின் குறுக்கே ஒரு கோடு கிழித்திருந்தாள். தெற்கே ஒரு தாவர உலகம். வடக்கே இன்னொன்று.

பாடப்புத்தகத்தில் அந்தக் கோட்டுக்கு அவள் பெயர்.

இருவரும் இப்போது நிற்பது வடக்கே.

"யாரோ நட்டிருப்பாங்க," என்றாள். "கீழ எஸ்டேட் பங்களா இருக்குல்ல, அங்கேர்ந்து விதை வந்திருக்கும். இத குறிக்க வேண்டாம்."

ஜெனிஷா உடனே தலையாட்டினாள். ஜி.பி.எஸ். கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

இந்தக் காட்டுச் செடியை எந்தப் பங்களாவிலும் யாரும் வளர்ப்பதில்லை. அது அவளுக்குத் தெரியும். கோடு கிழித்த காலத்தில் வடக்குச் சரிவில் சாலையோரம் மட்டும் தேடிவிட்டு, இல்லை என்று எழுதியதும் தெரியும்.

முகத்தைக் காட்டாமலிருக்க முன்னால் நடந்தாள். வேகமாக.

மேடு ஏறியதும் கால் நின்றுவிட்டது.

சரிவு முழுக்க ஊதா.

கீழே ஓடை வரைக்கும். ஓடைக்கு அந்தப் பக்கமும்.

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. காது மடல்கள் எரிந்தன.

கேட்கட்டும். இதையும் யார் நட்டது என்று கேட்டுவிடட்டும்.

ஜெனிஷா கேட்கவில்லை. பையை மூடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, மிகுந்த மரியாதையோடு:

"மழ வரும்போல இருக்கு மேடம். எறங்கிருவோமா?"

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

பேராசிரியை ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள்.

தன் குறிப்பேட்டை மடியில் விரித்தாள்.

"கருவிய எடும்மா," என்றாள். "நீ வாசி. நான் எழுதுறேன்."

ஜெனிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செடிகள் நிற்கும் இடத்தின் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

அந்த மலையில் வேறு யாருமே இல்லை. இருந்தும், மிகவும் தாழ்ந்த குரலில்.