கேப்ரியலின் கிராம்பு எண்ணெய்

“அண்ணே, அந்தப் போத்தல மூடுறீங்களா இல்லையா?”

கலாதேவிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் பத்து காஜா ஊரில் கம்பெனி வேன் ஏறுவாள். அடுத்த ஊரான லகாட்டில் ஏறும் கேப்ரியல், உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கிராம்பு எண்ணெய்ப் போத்தலைத் திறப்பார். கழுத்தில் ஒரு தேய்ப்பு, கைக்குட்டையில் நாலு சொட்டு. அப்புறம் அந்தக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டே வருவார். ஏர்கோன் போட்டு மூடிய வேன். கம்பெனி இருக்கும் ஈப்போ போய்ச் சேரும் வரை மூக்கைக் கழற்றியா வைக்க முடியும்?

பின்னால் நாலு சீட் காலியாகக் கிடக்கும். மனுஷன் தேடி வந்து உட்காருவது இவள் பக்கத்தில்தான்.

“மூட்டு வலி, தங்கச்சி.”

“மூட்டு வலிக்குக் கழுத்துல ஏன் பூசுறீங்க?”

கேப்ரியல் சிரித்து வைத்தார். ரெண்டு மாசமாக இதே எண்ணெய், இதே சிரிப்பு.

கலாதேவி விடவில்லை. “நேத்து போன்ல தேடிப் பாத்தேன். கிராம்பு, மிளகு ரெண்டுலயும் கார்யோஃபிலீன்னு ஒண்ணு இருக்காம். இந்தக் கார வாசத்துல அதுக்கும் பங்கு இருக்காம்.”

“நல்ல மருந்துன்னுதான சொல்றாங்க?”

“வீக்கத்துக்கு நல்லதுன்னு எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. நீங்க எலியா? சமையலுக்கு ரெண்டு கிராம்பு போட்டா ஒண்ணும் ஆவாது. எண்ணெய அப்படியே பூசக்கூடாது, தேங்காண்ணெயில ஒரு சொட்டு கலந்து பூசணும். அதுவும் காத்துப்பட்டு பழசாயிருச்சுன்னா சில பேருக்கு அரிக்கும். உங்க கழுத்தப் பாருங்க, செவந்து தடிச்சுக் கெடக்கு.”

உண்மைதான். சொறிந்த தடம் கூடத் தெரிந்தது. கேப்ரியல் காலரை இழுத்து மறைத்துக்கொண்டார். போத்தலை மட்டும் மூடவில்லை.

சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“சுகுமாரண்ணே,” என்று டிரைவரைக் கூப்பிட்டாள். “ஒண்ணு இவரு, இல்ல நானு. நாளைக்கு இவரு ஏறினா நான் நேரா ஆபீஸ்ல போய் சொல்லிருவேன்லா.”

சுகுமாரன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரைக் கேப்ரியல் கையமர்த்தினார்.

“ஆபீஸெல்லாம் வேணாம்லா. நாளையிலேருந்து நான் மோட்டார் சைக்கிள்ல வந்துக்கிறேன்.”

“இந்த மழையிலயா? உங்க முட்டியோடயா?” என்றார் சுகுமாரன்.

“ரெயின்கோட் இருக்கு, பரவால்ல.”

கலாதேவிக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டதடா தொல்லை என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் லகாட்டில் கேப்ரியல் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த துளசி ஏறி, கலாதேவி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே நல்ல மழை. ஐந்து நிமிஷம் போயிருக்காது, துளசி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னாக்கா நாத்தம் இது? ரப்பர் கட்டிப்பால் ஸ்டோருக்குள்ள உக்காந்திருக்குற மாதிரி இருக்கு.”

“நாத்தமா? எனக்கு ஒண்ணும் வரலையே.”

பின் சீட்டில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். துளசி இவள் தோள் பக்கம் லேசாகக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“சாரிக்கா.”

கலாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கூரை வரைக்கும் கட்டிப்பால், அதாவது கோப்பையிலேயே உறைந்து நாறும் ரப்பர் பால். அவள் புருஷன் சின்ன ரப்பர்த் தோட்டக்காரர்களிடம் வாங்கி விற்கும் சரக்கு. மழை பிடித்த இந்த ரெண்டு மாசமாக அவளுடைய யூனிஃபார்ம் காய்வதும் அந்தக் கொட்டகைக் கொடியில்தான். பதினாலு வருஷமாக அதற்குப் பக்கத்திலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தவளுக்கு அது ஒரு வாடை என்பதே மறந்து போயிருந்தது.

சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தாள். சோப்பு வாசம்தான் வந்தது.

ஈப்போவில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, யாராச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

சுகுமாரன் எஞ்சினை நிறுத்தினார். “எப்படிம்மா சொல்றது? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, உன்னைய வேன விட்டு எறக்கணும்னு ஆபீஸுக்குக் கடுதாசியே எழுதிட்டாங்க. கேப்ரியல்தான் அத வாங்கிக் கிழிச்சாரு. ‘அது அந்தப் புள்ளையோட பொழப்பு. இனிமே இந்த வேனுல என்ன நாத்தம் வந்தாலும் என்னையவே திட்டுங்க’ன்னு சொல்லிட்டு, மறுநாளே அந்தப் போத்தலோட வந்து ஏறினாரு.”