இடது பக்க இரைச்சல்

“பிரிட்ஜை எதுக்கு அணைச்சீங்க? உள்ள ரெண்டு லிட்டர் பால் இருக்கு...”

“கொஞ்சம் பேசாம இரேன், நான் கேட்டுக்கிட்டு...”

“ரெண்டு வருஷமா அதைத்தானே செய்றீங்க! பேட்டரி வந்துட்டா பிரிட்ஜ் பக்கமே போக மாட்டேன்னது யாரு? நானா?”

“...ஸ்பீக்கர்ல இடது பக்கம் இரையுது. மறுபடியும் இரையுது.”

அவள் தையல் மிஷினை விட்டு எழுந்தேவிட்டாள். பாதி தைத்த சட்டைக்கை ஊசியிலேயே தொங்கியது.

மேஜைக்கடியில் நான்கு கார் பேட்டரிகள். மேலே, தண்ணீர் டம்ளர் உயரத்துக்கு, கரண்டைத் தேக்கிவைக்கும் பன்னிரண்டு கெப்பாசிட்டர்கள். சுவரிலிருந்து வரும் கரண்ட் அழுக்கு, அந்த அழுக்குதான் ஸ்பீக்கரில் இரைகிறது என்று அவர் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கியவை. துவைத்துக் காயப்போட வேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தெருவில் அவருக்கு ‘சவுண்டுக்காரர்’ என்றே பெயர். எவர் வீட்டு ஆம்ப்ளிஃபயரும் அவர் காதில் தேறினால்தான் தேறியது. அந்தக் காதை நம்பித்தான் குடும்பம்.

“இனி இதையும் பிரிச்சுட்டு முதல்லேருந்து கட்டணும்” என்றார்.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

“இரைச்சலே இல்லைங்க! என்னைக்குமே இருந்ததில்லை!”

“என்ன சொன்னே?”

“எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.”

“கோபத்துல உளறாதே. நீயேதான் சொன்னே, லேசா கேட்குதுன்னு.”

சொன்னாள்தான். முதல்முறை அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, “உனக்கும் கேட்குதுல்ல? இல்லை, எனக்குத்தான் பைத்தியமா?” என்றபோது அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மனுஷன் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று, “ஆமாங்க, லேசா” என்றாள்.

அதன்பிறகு அவர் முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகிக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தால், குறைஞ்சிருக்குங்க. சுருங்கியிருந்தால், இடது பக்கம் கொஞ்சம் இருக்குங்க.

“இங்க வா” என்றார் அவர். “இப்பவே நிரூபிக்கிறேன். வித்தியாசம் உனக்கே தெரியும்.”

பேட்டரி கிளிப்புகளைப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

“கெப்பாசிட்டர்ல இன்னும் சார்ஜ் நிக்குது. அதனால இன்னும் இரையும். இப்ப பாரு.”

இரண்டு ஒயர் கட்டிய பல்பை எடுத்து கெப்பாசிட்டர் முனைகளில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, மஞ்சளாகி, சிவந்து, உள்ளே ஒரு கம்பி மட்டும் தெரிந்து, அதுவும் போயிற்று. சிவப்பு விளக்கும் அணைந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தார். பூஜ்யம்.

“நின்னுடுச்சா?” என்றாள்.

அவர் மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். பூஜ்யம்தான். ஸ்பீக்கரின் பின்னால் கைவிட்டு ஒயரையே உருவினார். உருவிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

பிறகு மண்டியிட்டு, இடது காதை ஸ்பீக்கரின் துணியில் ஒட்டிக்கொண்டு, வலது காதை விரலால் அடைத்தார்.

மின்சாரம் என்ற ஒன்றே இல்லாத மரப்பெட்டி அது. அவர் கண் இறுக மூடியிருந்தது. நெற்றி சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கம் அவளுக்கு மனப்பாடம். ‘இடது பக்கம் கொஞ்சம் இருக்குங்க’ என்று அவள் சொல்லவேண்டிய முகம்.

அவள் பக்கத்தில் வந்தாள்.

“ஏங்க, போதும். எழுந்திரிங்க.”

அவர் அசையவில்லை.

இருவருக்கும் இடையில் இரண்டடி தூரம்கூட இல்லை. காதை ஸ்பீக்கரிலிருந்து விலக்கி, வலது காதிலிருந்து விரலை எடுக்காமல், வேறெதையோ தேடுகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். அவள் அந்த இடது காதுக்குப் பக்கத்திலேயே குனிந்தாள்.

“என்னங்க.”

ஒன்றுமில்லை.

“என்னங்க!”

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

இவ்வளவு நாளும் அவள் கூப்பிட்டால் தலையை முழுக்கத் திருப்பி, வலது காதைக் காட்டுவார். அலட்சியம் என்று நினைத்திருந்தாள். அதற்காகவும் சண்டை போட்டிருக்கிறாள்.

தோளைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்தார், விரலை எடுத்தார்.

“உனக்கு நிஜமாவே கேட்டதில்லையா? ஒரு தடவைகூட?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் ஒயரை மெதுவாகச் சுற்றிக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

“முதல் வருஷமே காது டாக்டர்கிட்ட போனேன், உன்கிட்ட சொல்லலை. வீட்ல வேற யாருக்காவது கேட்குதான்னு கேட்டாரு. யாருக்கும் கேட்கலைன்னா தள்ளிப்போடக் கூடாது, இன்னைக்கே ஸ்கேன் எடுக்கணும்னாரு. என் வீட்டுக்காரிக்கும் கேட்குது டாக்டர்னு சிரிச்சுக்கிட்டே எழுந்து வந்துட்டேன்.”